மாதிரியும் சோதனையும்: தரக்கட்டுப்பாட்டு வரலாறு மொழியாய்வுக்குத் தரும் பாடம்

0. முன்னுரை

ஒரு பொருளின் தரத்தை அறிய அப்பொருள் முழுவதையும் ஆராய்வது பெரும்பாலும் இயலாத செயலாகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி, பகுதியைக் கொண்டு முழுமையை அறியும் முறையைச் சுருங்கச் சொல்கிறது. ஆயின் இப்பழமொழிக்குள் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. பானையில் உள்ள அரிசி ஒரே இனமாகவும், சோறு நன்கு கிளறப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அடிப்பகுதி குழைந்தும் மேற்பகுதி வேகாமலும் இருக்கும் பானையில் மேலிருந்து எடுத்த ஒரு சோறு, தன்னைத் தவிர வேறெதற்கும் பதம் ஆகாது.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் நாள்தோறும் இத்தகைய 'பதம்' பார்க்கும் பணியில் ஈடுபடுகின்றனர். அகராதித் தொகுப்பாளர் சில நூறு நூல்களைக் கொண்டு ஒரு சொல்லின் வழக்கை முடிவு செய்கிறார். மொழிபெயர்ப்பு நிறுவனங்கள் சில பக்கங்களைத் திருத்திப் பார்த்து ஒரு நூலை ஏற்கின்றன அல்லது மறுக்கின்றன. இம்முடிவுகளுக்கு இன்று புள்ளியியல் சோதனைகள் துணையாகக் கொள்ளப்படுகின்றன. அச்சோதனைகளுள் பல ஆலைகளிலும் வயல்களிலும் தரத்தை அறியும் தேவையிலிருந்து பிறந்தவை. அவை எந்தச் சூழலில், எந்த நிபந்தனையுடன் தோன்றின என்பதை அறியாமல் அவற்றை மொழிக்குப் பொருத்துவதால் தவறான முடிவுகள் விளைகின்றன. இவ்வரலாற்றின் முதன்மையான கட்டங்களை எடுத்துரைத்து, எந்தச் சோதனை பொருந்தும் என்பதை மாதிரி எடுக்கப்பட்ட முறையே தீர்மானிக்கிறது என்பதையும், சாய்வுடைய மாதிரியை எந்தச் சோதனையாலும் நேராக்க இயலாது என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நாணயப் பேழை

மாதிரி கொண்டு தரம் காணும் முறைக்கு நெடுநாள் வழக்கில் உள்ள சான்று, இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டு முதல் நடைபெற்றுவரும் 'பிக்ஸ்' என்னும் நாணயப் பேழைச் சோதனையாகும். நாணயச்சாலையில் அடிக்கப்படும் நாணயங்களிலிருந்து சில, பொறுக்கித் தேராமல் எடுக்கப்பட்டுப் பேழை ஒன்றில் இடப்பட்டன. குறித்த காலத்தில் பேழை திறக்கப்பட்டு, அந்நாணயங்களின் எடையும் உலோகத் தூய்மையும் சோதிக்கப்பட்டன. அடித்தவரல்லாத பிறர் சோதித்தல், பொறுக்கித் தேராமல் எடுத்தல், அனுமதிக்கத்தக்க விலக்கத்தை முன்னரே வரையறுத்தல் ஆகிய மூன்று கூறுகளும் இதில் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

எனினும் இம்முறையில் ஒரு குறை நூற்றாண்டுக்கணக்கில் நீடித்தது. நாணயங்கள் மொத்தமாக நிறுக்கப்பட்டன. அனுமதிக்கப்பட்ட விலக்கமோ மொத்த எடைக்கு ஏற்ப அதே விகிதத்தில் பெருகுவதாகக் கொள்ளப்பட்டது. ஒன்றையொன்று சாராத பிழைகளைக் கூட்டும்போது, மிகையும் குறையும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், மொத்தப் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே பெருகும். ஒரு நாணயத்துக்குரிய விலக்கம் ஓர் அலகு எனின், 100 நாணயங்களின் மொத்தத்தில் எதிர்பார்க்கத்தக்க விலக்கம் 10 அலகுகளே. ஆனால் 100 அலகுகள் வரை அனுமதி இருந்தது. நாணயத்தைச் சிறிதளவு இலேசாக அடிப்பவர் இச்சோதனையில் சிக்குவது அரிது. புள்ளியியல் வரலாற்றறிஞர் ஸ்டீபன் ஸ்டிக்ளர் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கியுள்ளார். மாதிரி ஒழுங்காக எடுக்கப்பட்டிருந்தும் சோதனையின் வரையறை பொருந்தாமையால் பயன் குன்றியதற்கு இது சான்றாகும்.

2. மதுவடிப்பாலையும் சிறு மாதிரியும்

2.1. 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை புள்ளியியல் பெருந்தொகையான தரவுகளையே நம்பியிருந்தது. கார்ல் பியர்சன் 1900இல் வெளியிட்ட கை-வர்க்கச் சோதனையும் அவ்வகையினதே. சிறு மாதிரிக்கு உரிய கோட்பாடு டப்ளின் நகரக் கின்னஸ் மதுவடிப்பாலையில் தோன்றியது. ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்ற வில்லியம் சீலி காசெட் 1899இல் அங்குப் பணியில் சேர்ந்தார். பார்லி இனங்களை ஒப்பிட ஒவ்வொரு முறையும் ஒரு வயலும் ஒரு பருவமும் தேவைப்பட்டன. எனவே நான்கு அல்லது ஐந்து அளவீடுகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டிய நிலை இருந்தது. அவர் 1906-07இல் இலண்டனில் பியர்சனிடம் பயின்று, 1908இல் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் சராசரியின் பிழை பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். இன்று 'டி-சோதனை' எனப்படுவதன் மூலம் இதுவே. பின்னர் ரொனால்ட் ஃபிஷர் அதற்கு முறையான கணித நிறுவலை அளித்து வளர்த்தார்.

காசெட் தம் கோட்பாட்டைச் சரிபார்த்த முறை எண்ணிப்பார்க்கத்தக்கது. 3,000 குற்றவாளிகளின் உடல் அளவுகளை அட்டைகளில் எழுதி, நன்கு கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகளாக்கி, அவற்றின் பரவல் தம் கணிப்போடு ஒத்துவருகிறதா எனப் பார்த்தார். அட்டைகளைக் கலைத்தல் என்னும் செயலே இங்கு அடிப்படை. கலைக்கப்படாத கட்டிலிருந்து எடுத்த மாதிரிக்கு அவருடைய கணிப்பு பொருந்தாது.

2.2. அதே கட்டுரையில் அவர் எடுத்தாண்ட சான்று, சோதனையைத் தேர்ந்தெடுப்பதன் இன்றியமையாமையைத் தெளிவாகக் காட்டுகிறது. 10 நோயாளிகளுக்கு இரு உறக்க மருந்துகள் தரப்பட்டு, அவர்கள் கூடுதலாக உறங்கிய நேரம் பதிவுசெய்யப்பட்டிருந்தது. சராசரிக் கூடுதல் ஒரு மருந்துக்கு 0.75 மணி, மற்றதற்கு 2.33 மணி. இருபது எண்களையும் தொடர்பற்ற இரு குழுக்களாகக் கொண்டு சோதித்தால் 'டி' மதிப்பு ஏறத்தாழ 1.86 ஆகிறது; 5 விழுக்காட்டு மட்டத்தில் தேவையான 2.10ஐ அது எட்டவில்லை. ஆனால் இரு மருந்துகளும் அதே பதின்மருக்கே தரப்பட்டவை. ஒவ்வொருவரிடத்தும் காணும் வேறுபாட்டை எடுத்துச் சோதித்தால் மதிப்பு ஏறத்தாழ 4.06 ஆகித் தேவையான 2.26ஐ எளிதில் கடக்கிறது. எண்கள் மாறவில்லை, அவை இணைகளாக எடுக்கப்பட்டவை என்னும் செய்தியைப் பயன்கொள்ளும்போது முடிவு மாறுகிறது. ஒரே மூலத்தின் இரு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவோருக்கு இது நேரடியான வழிகாட்டி. இரு மொழிபெயர்ப்புகளும் ஒரே மூல வாக்கியங்களிலிருந்து வந்தவையாதலின், அவை இணைகளாகவே சோதிக்கப்பட வேண்டும்.

3. ஆலையில் தரக்கட்டுப்பாடு

3.1. தொலைபேசிக் கருவிகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட காலத்தில், ஒவ்வொன்றையும் சோதித்தல் இயலாததாயிற்று. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் கட்டுப்பாட்டு வரைபடத்தை அறிமுகப்படுத்தினார். 1931இல் அவருடைய விரிவான நூல் வெளிவந்தது. எந்தச் செய்முறையிலும் இயல்பாகவே அமையும் தற்செயல் மாறுபாடு ஒருவகை. கருவித் தேய்மானம், மூலப்பொருள் மாற்றம் போன்று காரணம் கண்டு களையத்தக்க மாறுபாடு மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அவர் நோக்கம்.

இதற்காக அவர் வற்புறுத்தியது, மாதிரிகளைப் பொருளறிந்து சிறு குழுக்களாகப் பிரித்தெடுத்தலாகும். ஒரே எந்திரம் ஒரே வேளையில் செய்தவை ஒரு குழுவாக வேண்டும். இரண்டு எந்திரங்களின் பொருள்களை ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்திர வேறுபாடு குழுவுக்குள்ளேயே புதைந்து, வரைபடத்தில் தோன்றாமற் போகும். சோதனைக்கு முன்பே, 'இவை ஒரே இயல்பினவா?' என்னும் வினா எழுப்பப்பட வேண்டும் என்பது ஷூஹார்ட் தந்த பாடம்.

3.2. அவருடன் பணியாற்றிய ஹரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் 1929இல் ஏற்புவழி மாதிரியெடுப்பு முறையை வெளியிட்டனர். நல்ல சரக்கு மறுக்கப்படுவதால் செய்பவருக்கு நேரும் இடர், குறையுள்ள சரக்கு ஏற்கப்படுவதால் வாங்குபவருக்கு நேரும் இடர் என இரண்டும் வேறுபடுத்தப்பட்டன. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 20 பொருள்களை எடுத்து, ஒன்றிலும் குறையில்லை எனில் சரக்கை ஏற்பது விதி எனக் கொள்ளலாம். 5 விழுக்காடு குறையுள்ள சரக்கு இவ்விதியில் தேறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடு. 1 விழுக்காடு மட்டுமே குறையுள்ள சரக்கு மறுக்கப்படுவதற்கான வாய்ப்பு 18 விழுக்காடு. 'குறை காணப்படவில்லை' என்பதும் 'குறை இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் இக்கருத்து பொதுக் கோட்பாடாக உருப்பெற்றது. உண்மையான இன்மைக் கருதுகோளை மறுத்தல் முதல்வகைப் பிழை. பொய்யான இன்மைக் கருதுகோளை மறுக்காதுவிடுதல் இரண்டாம்வகைப் பிழை. இவ்விரண்டையும் எடைபோட்டே சோதனை தேர்ந்தெடுக்கப்படுகிறது. இக்கணக்குகள் அனைத்துக்கும் ஒரு முன்னிபந்தனை உண்டு. சரக்கில் உள்ள ஒவ்வொரு பொருளும் மாதிரியில் இடம்பெறச் சமவாய்ப்புப் பெற்றிருக்க வேண்டும். பெட்டியின் மேலடுக்கிலிருந்து கைக்கு எட்டியவற்றை எடுக்கும் ஆய்வாளருக்கு 36 என்னும் எண்ணோ 18 என்னும் எண்ணோ பொருளற்றவை.

4. சாய்வின் வகைகள்

4.1. 'சாய்வு' என்பது தற்செயல் பிழையிலிருந்து வேறுபட்டது. தற்செயல் பிழை மாதிரி பெருகப் பெருகக் குறையும், சாய்வு குறையாது. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஏறத்தாழ 1 கோடி பேருக்கு வாக்கு அட்டைகளை அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். தொலைபேசி, மகிழுந்து ஆகியவற்றை உடையோரின் பட்டியல்கள் பெரிதும் பயன்படுத்தப்பட்டமையும், விடை அனுப்பியோர் விடை அனுப்பாதோரிடமிருந்து வேறுபட்டிருந்தமையும் இச்சாய்வுக்குக் காரணங்களாகும். மாதிரியின் பெருமை இங்குச் சிறிதும் உதவவில்லை.

4.2. அறிவார்ந்த தேர்வும் சாய்வை நீக்குவதில்லை. இத்தாலியின் 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளுள் ஒரு பகுதியை மட்டும் பாதுகாக்க வேண்டியிருந்தபோது, கொராடோ ஜீனியும் லூயிஜி கால்வானியும் 214 வட்டங்களிலிருந்து 29ஐத் தேர்ந்தெடுத்தனர். ஏழு பண்புகளின் சராசரிகள் நாட்டின் சராசரிகளோடு ஒத்திருக்குமாறு அவை தெரிவுசெய்யப்பட்டன. பிற பண்புகளைப் பார்த்தபோதோ மாதிரி நாட்டிலிருந்து பெரிதும் விலகியிருந்தது. நெய்மன் 1934இல் எழுதிய கட்டுரை இதனைச் சுட்டி, முழுத்தொகுதியை அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சமவாய்ப்பு முறையில் எடுத்தலே தக்கது என நிறுவியது. 'எல்லாவகை நூல்களுக்கும் சான்றாக அமையும்' நூல்களைத் தாமே பொறுக்கியெடுக்கும் தரவகத் தொகுப்பாளர் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

4.3. இந்தியாவில் மாதிரியெடுப்பின் வரலாறு பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் கல்கத்தாவில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தோடு தொடங்குகிறது எனலாம். 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் பயிரிடப்பட்ட பரப்பை மாதிரி வழியாக மதிப்பிடும் பணியை அவர் மேற்கொண்டார். ஒரே நிலப்பகுதியில் தனித்தனியாக எடுக்கப்பட்ட துணைமாதிரிகளை வெவ்வேறு குழுவினரிடம் ஒப்படைத்து, அவர்தம் முடிவுகளை ஒப்பிட்டுப் பணியாளரின் பிழையை அளந்தமை அவருடைய சிறந்த பங்களிப்பு. ஷூஹார்ட் 1947-48இல் இந்தியா வந்து தரக்கட்டுப்பாட்டுக் கருத்துகளைப் பரப்பினார்.

1940களில் பயிர் அறுவடைச் சோதனை பற்றி எழுந்த விவாதம் சாய்வின் நுட்பத்தைக் காட்டுகிறது. விளைச்சலை மதிப்பிட வயலில் ஒரு சிறு பாத்தி அளந்து அறுக்கப்படும். பாத்தி சிறிதாக இருப்பின் விளைச்சல் மிகையாக மதிப்பிடப்படுவதைப் பி. வி. சுகாத்மே எடுத்துக்காட்டினார். எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் போக்கு அறுப்பவரிடம் உண்டு. பாத்தி சிறுத்தால் பரப்பை நோக்க எல்லையின் நீளம் மிகும். எனவே பிழையும் மிகும். பாத்தியின் இடத்தைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தாலும் இச்சாய்வு நீங்காது. மாதிரியின் எல்லையை வரையறுப்பதும் மாதிரியெடுப்பின் பகுதியே என்பது இதனால் பெறப்படும்.

5. மொழியின் மாதிரிகள்

5.1. மேற்கூறிய வினாக்கள் மொழித் தரவுக்கும் உரியவை. ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சனின் இந்திய மொழிகளின் நில அளவை 1894இல் தொடங்கி 1928இல் நிறைவுற்றது. சென்னை மாகாணமும் ஹைதராபாத், மைசூர் அரசுகளும் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. அதாவது, திராவிட மொழிகள் பெரிதும் வழங்கிய நிலப்பகுதியே அளவையில் இடம்பெறவில்லை. 1906இல் வெளிவந்த நான்காம் தொகுதியைத் தமிழுக்குச் சான்றாகக் கொள்வோர் இதனை மறத்தலாகாது. தொகுக்கப்பட்ட மாதிரிகளுள் முதலாவது, விவிலியத்தின் ஊதாரி மகன் உவமையின் மொழிபெயர்ப்பு. எல்லா மொழிகளையும் ஒப்பிட இது வசதி தந்தது. ஆனால் மொழிபெயர்ப்பு நடை மூலத்தின் தொடரமைப்பைத் தழுவும் இயல்பினது. பேசுவோர் வாய்மொழியாகவே பெறப்பட்ட வேறொரு பகுதியும் சொற்பட்டியலும் கூடுதலாகக் கேட்கப்பட்டமையால், இக்குறை ஓரளவு ஈடுசெய்யப்பட்டது எனலாம்.

5.2. கணிப்பொறி வழித் தரவகங்களுள் முன்னோடி, நெல்சன் பிரான்சிசும் ஹென்றி குசெராவும் 1964இல் வெளியிட்ட பிரவுன் தரவகம். அமெரிக்காவில் 1961இல் அச்சான உரைநடையிலிருந்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட 500 பகுதிகள், 15 வகைகளில் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு வகைக்கும் எத்தனை பகுதிகள் என்பதை 1963இல் கூடிய அறிஞர் குழு தம் மதிப்பீட்டால் முடிவு செய்தது. வகைக்குள் தேர்வு சமவாய்ப்பு முறையில் அமைந்தது. பெரும்பாலான வகைகளுக்குப் பிரவுன் பல்கலைக்கழக நூலகமும் பிராவிடன்ஸ் நகர நூலகமொன்றும் முழுத்தொகுதியாகக் கொள்ளப்பட்டன. எனவே கண்டிப்பாகச் சொன்னால் பிரவுன் தரவகம் அந்நூலகங்களின் இருப்புக்கே மாதிரி. தொகுத்தோர் இதனை மறைக்காமல் தம் கையேட்டில் பதிவு செய்தமையே அதன் சிறப்பு.

இந்திய மொழிகளுக்கு 1991இல் மைய அரசின் மின்னணுவியல் துறை தொடங்கிய திட்டத்தில் மொழிக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் திரட்டப்பட்டன. தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளின் பணியை மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மேற்கொண்டது. 1981 முதல் 1990 வரை வெளிவந்த நூல்கள் இதற்கு அடிப்படை. மொழிபெயர்ப்புகள் தனி வகையாகப் பிரித்து வைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. தமிழைப் பொறுத்தவரை, எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபடுவதால், அச்சிட்ட நூல்களிலிருந்து பெறும் எந்த முடிவும் எழுத்துத் தமிழுக்கு மட்டுமே உரியது. நூல்களின் தொடக்கப் பக்கங்களையே எப்போதும் எடுத்தால், முன்னுரைக்குரிய சொற்கள் மிகும். இது வயற்பாத்தியின் எல்லைச் சாய்வுக்கு உறவானது.

6. சொல்லெண்ணிக்கையும் சோதனையும்

6.1. மாதிரியின் அளவு மாறினால் மாறிவிடும் அளவைகளை ஒப்பிடுதல் முதற் பிழையாகும். பனுவல் நீள நீளப் புதுச்சொற்கள் தோன்றும் விகிதம் குறையும். எனவே நெடிய நூலொன்றின் சொல்வளத்தைக் குறுநூலொன்றின் சொல்வளத்தோடு விகிதத்தால் மட்டும் ஒப்பிடலாகாது. உட்னி யூல் 1944இல் வெளியிட்ட நூலில், மாதிரியின் அளவைச் சாராத ஓர் அளவையை வகுக்க முயன்றமைக்கு இதுவே காரணம்.

6.2. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்குப் பிரவுன் முறையிலேயே தொகுத்த தரவகம் 1970களின் இறுதியில் நிறைவுற்றபின், ஹோஃப்லாண்டும் யோஹான்சனும் 1982இல் இரண்டின் சொல்லெண்ணிக்கைகளையும் கை-வர்க்கச் சோதனை கொண்டு ஒப்பிட்டனர். பின்னர் இம்முறை பரவலாயிற்று. எதிர்பார்க்கும் எண்ணிக்கை சிறிதாக உள்ள அரிய சொற்களுக்குக் கை-வர்க்கச் சோதனை பொருந்தாது என்பதை டெட் டன்னிங் 1993இல் சுட்டி, நிகழ்வுச்சாத்திய விகிதச் சோதனையைப் பரிந்துரைத்தார். ஆனால் இரு சோதனைகளுக்கும் பொதுவான எடுகோள் ஒன்று உண்டு: ஒவ்வொரு சொல்நிகழ்வும் ஒரு தனித் தேர்வு என்பதே அது. மேற்கண்ட தரவகங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அலகு சொல் அன்று. 2,000 சொற்கள் கொண்ட பனுவற்பகுதி.

இதன் விளைவைக் கற்பனைக் கணக்கொன்றால் காணலாம். 500 பகுதிகளும் 10 இலட்சம் சொற்களும் கொண்ட இரு தரவகங்களில் 'அணை' என்னும் சொல் முதலாவதில் 60 முறையும் இரண்டாவதில் 20 முறையும் வருவதாகக் கொள்வோம். சொல்நிகழ்வுகளை அலகாகக் கொண்டால் கை-வர்க்க மதிப்பு 20. ஆயிரத்தில் ஒன்று என்னும் கடுமையான மட்டத்துக்குத் தேவையான 10.83ஐயும் அது கடந்துவிடுகிறது. ஆனால் முதல் தரவகத்தின் 60இல் 50 நிகழ்வுகள் நீர்ப்பாசனம் பற்றிய ஒரே பகுதியிலும், எஞ்சிய 10 வேறு 10 பகுதிகளிலும், இரண்டாம் தரவகத்தின் 20 நிகழ்வுகள் 20 பகுதிகளிலும் அமைந்துள்ளன எனின் நிலைமை வேறு. பகுதிகளை அலகாகக் கொண்டு 11ஐயும் 20ஐயும் ஒப்பிட்டால் மதிப்பு ஏறத்தாழ 2.7, 5 விழுக்காட்டு மட்டத்துக்குரிய 3.84ஐக்கூட அது எட்டவில்லை. அன்றியும் வேறுபாட்டின் திசையே தலைகீழாகிறது. முதல் முடிவை நம்பும் அகராதித் தொகுப்பாளர், ஒரு நூலின் பொருளை ஒரு நாட்டின் வழக்கு எனப் பதிவு செய்துவிடுவார்.

சொற்கள் இவ்வாறு திரண்டு வருதல் விதிவிலக்கு அன்று, மொழியின் இயல்பு. ஒரு பனுவலில் ஒருமுறை வந்த பெயர் மறுமுறையும் வருவதற்கான வாய்ப்பு, தனித்தேர்வு என்னும் எடுகோள் கூறுவதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதைக் கென்னத் சர்ச் 2000இல் அளந்து காட்டினார். மொழி ஒருபோதும் சமவாய்ப்பு நிகழ்வன்று. ஆகவே தரவு போதிய அளவு பெருகினால் இன்மைக் கருதுகோள் எப்போதும் மறுக்கப்பட்டுவிடும் என ஆடம் கில்கேரிஃப் 2005இல் வாதிட்டார். பகுதிதோறும் காணும் எண்ணிக்கைகளைத் தர வரிசைப்படுத்தி ஒப்பிடும் மான்-விட்னி சோதனை போன்றவை இச்சூழலுக்குப் பொருத்தமானவை. ஒரே எந்திரத்தின் பொருள்களை ஒரே குழுவாகக் கொள்ளச் சொன்ன ஷூஹார்ட்டின் கருத்தே இங்கு வேறு வடிவில் வெளிப்படுகிறது.

7. மொழிபெயர்ப்பின் தரம்

7.1. ஆலைத் தரக்கட்டுப்பாடு மொழிபெயர்ப்புக்கு நேராகவே வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பைச் சரக்காகவும் பிழையைக் குறையாகவும் கருதி எண்ணும் படிவங்கள் 1990களில் பரவின. அமெரிக்க மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம் 2001இல், ஊர்திப் பழுதுபார்ப்புக் கையேடுகளின் மொழிபெயர்ப்புக்கென ஓர் அளவையை வெளியிட்டது. பிழைகள் ஏழு வகைகளாகவும், ஒவ்வொன்றும் கடியது, எளியது என இரு நிலைகளாகவும் பகுக்கப்பட்டன. அவற்றின் எடைகளைக் கூட்டி மூலத்தின் சொற்களால் வகுத்தால் தரமதிப்பு கிடைக்கும்.

இத்தகைய அளவையைக் கொண்டு ஏற்பதும் மறுப்பதும் மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தையும் பெயரையும் பாதிக்கும். எனவே மாதிரி பற்றிய வினா இங்கு வெறும் கோட்பாட்டு வினா அன்று. முதல் ஐந்து பக்கங்களையே திருத்துவோர் பார்த்தால், நூலின் நடுவே உள்ள சோர்வும் பிழையும் மறைந்துவிடும். மாறாக, தொடக்கத்தில் ஒரு கலைச்சொல் தவறி, அது 40 இடங்களில் திரும்ப வந்தால், அதனை 40 தனிப்பிழைகளாக எண்ணுவதா, ஒரு தவறான முடிவாக எண்ணுவதா? டாட்ஜ், ரோமிக் ஆகியோரின் கணக்கு குறைகள் தனித்தனியே நிகழ்கின்றன எனக் கொள்கிறது. மொழிபெயர்ப்புப் பிழைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. ஆகவே நூலின் பல இடங்களிலிருந்து சமவாய்ப்பு முறையில் சிறு பகுதிகளை எடுத்து, பகுதியையே அலகாகக் கொண்டு மதிப்பிடுதல், ஒரே இடத்திலிருந்து நீண்ட பகுதியை எடுப்பதினும் நேர்மையான முறையாகும்.

7.2. இவ்வரலாற்றில் அறிவுறுத்தல் மிக்க நிகழ்ச்சி 2018இல் நடைபெற்றது. சீன மொழிச் செய்திகளை ஆங்கிலத்தில் பெயர்ப்பதில் தம் கணிப்பொறி அமைப்பு மனிதருக்கு நிகரான நிலையை எய்தியதாக மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அறிவித்தனர். மனிதரின் மொழிபெயர்ப்புக்கும் எந்திரத்தின் மொழிபெயர்ப்புக்கும் மதிப்பீட்டாளர் அளித்த மதிப்பெண்களிடையே புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே நிகர்நிலைக்கு அவர்கள் தந்த வரையறை. அவ்வாண்டிலேயே வெளிவந்த இரு மறுஆய்வுகள் இதன் அடித்தளத்தை வினவின.

அந்தோனியோ தோரலும் பிறரும் சோதனைத் தொகுப்பையே ஆராய்ந்தனர். அதிலிருந்த 'சீன மூல' வாக்கியங்களுள் ஏறத்தாழ பாதி, முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுச் சீனத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டவை. மொழிபெயர்ப்பு நடை எளிமையானது. ஆங்கிலத் தொடரமைப்பின் சாயல் உடையது. அதனை மீண்டும் ஆங்கிலமாக்குதல் எந்திரத்துக்கு எளிது. சீனத்திலேயே எழுதப்பட்ட வாக்கியங்களை மட்டும் கொண்டபோது மனிதரின் மேம்பாடு வெளிப்பட்டது. கிரியர்சனின் உவமை மொழிபெயர்ப்பில் கண்ட அதே சாய்வு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இங்கு மீண்டும் தலைகாட்டியுள்ளது. சாமுவேல் லாய்ப்லி, ரிக்கோ சென்ரிச், மார்ட்டின் வோக் ஆகியோர் அலகை மாற்றினர். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் தனி வாக்கியங்களுக்குப் பதிலாக முழுச் செய்திகளைத் தந்து கேட்டபோது, அவர்கள் மனித மொழிபெயர்ப்பையே விரும்பித் தேர்ந்தனர். பதிலிப்பெயரும் கருத்திணைப்பும் சீர்குலைவது வாக்கியத்தைத் தாண்டிப் பார்ப்போர்க்கே புலனாகும்.

மூன்றாவது குறை வரையறையிலேயே உள்ளது. வேறுபாடு காணப்படவில்லை என்பதை வேறுபாடு இல்லை எனக் கொள்வது இரண்டாம்வகைப் பிழையைக் கருத்தில் கொள்ளாமையாகும். 20 பொருள்களில் குறை காணாமையால் சரக்கு முழுவதும் நல்லது எனக் கூறும் வாதத்தோடு இது ஒப்பது. எந்திர மொழிபெயர்ப்புப் போட்டிகளை நடத்தும் பன்னாட்டுக் கருத்தரங்கு 2019 முதல், மூலமொழியிலேயே எழுதப்பட்ட பனுவல்களைக் கொண்டு சோதனைத் தொகுப்புகளை அமைக்கலாயிற்று.

8. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

அ) முழுத்தொகுதி எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். நூலக இருப்பு, ஒரு பத்தாண்டின் அச்சு நூல்கள், மூலமொழிப் பனுவல்கள் ஆகியன வெவ்வேறு தொகுதிகள். ஒன்றிலிருந்து பெற்ற முடிவை மற்றொன்றுக்கு ஏற்றலாகாது.

ஆ) எதனைத் தேர்ந்தெடுத்தோமோ அதுவே சோதனையின் அலகாக வேண்டும். பனுவலைத் தேர்ந்துவிட்டுச் சொல்லை எண்ணிச் சோதித்தல் மாதிரியின் அளவைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டும்.

இ) ஒரே மூலத்தைச் சார்ந்த தரவுகள் இணைகளாகவே சோதிக்கப்பட வேண்டும்.

ஈ) எவ்வகைப் பிழை யாருக்கு இடர் தரும் என்பதைச் சோதனைக்கு முன்பே எடைபோட வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் இடரும் வாசகரின் இடரும் வேறானவை. ஒரே விதி இரண்டையும் ஒருசேரக் குறைப்பதில்லை, மாதிரியைப் பெருக்கினாலன்றி.

உ) மாதிரியைப் பெருக்குதல் தற்செயல் பிழையைக் குறைக்கும், சாய்வைக் குறைக்காது.

தரவகங்கள் கோடிக்கணக்கான சொற்களை எட்டிவிட்ட இந்நாளில் இறுதியாகக் கூறிய கருத்தே மிகுதியும் நினைவிற் கொள்ளத்தக்கது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் தமிழ், பெட்டியின் மேலடுக்கில் கைக்கு எட்டும் பொருளை ஒத்தது. வட்டார வழக்கு, பேச்சு, அச்சேறாத எழுத்து ஆகியன அடியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை மேலே கொண்டுவருதல் கணக்கீட்டால் ஆகாது. களப்பணியாலும் முறையான மாதிரியெடுப்பாலும் மட்டுமே ஆகும். ஒவ்வொரு தரவகமும் மொழிபெயர்ப்பு மதிப்பீடும் தன் மாதிரி எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை வெளிப்படையாகப் பதிவு செய்யுமாயின், அதன்மீது எந்தச் சோதனையை நடத்தலாம், எதை நடத்தலாகாது என்பதைப் பின்வரும் ஆய்வாளர் தாமே முடிவு செய்ய இயலும்.